விதையில்லாத் திராட்சைக்கு ஜிஏ சரி, பன்னீருக்கு?

தேனி மாவட்டம் ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு பந்தலில் விதையில்லாத் திராட்சை, இன்னொன்றில் பன்னீர் (விதையுள்ள கறுப்புத் திராட்சை). இரண்டுக்கும் பல வருடங்களாக ஜிஏ (ஜிப்ரலிக் அமிலம், காயைப் பெருக்க வைக்கும் பயிர் ஹார்மோன்) கொடுத்துப் பார்த்துவிட்டேன். விதையில்லாததற்கு இது இல்லாமல் விவசாயம் இல்லை. பன்னீருக்கு, என் கணக்கில், கூலிக்குக்கூடக் கட்டாது.

காரணம் விதைதான். இந்த ஹார்மோனைப் பன்னீரில் விதையே சுரந்துகொள்கிறது. தாம்சன் போன்ற விதையில்லா வகைகளில் கருவுற்ற விதை பாதியிலேயே வளராமல் நின்றுவிடும். மருந்து தொடாத கொத்து ஒன்றை விட்டுப் பாருங்கள், காய் சுண்டைக்காய் அளவைத் தாண்டாது.

நான் பின்பற்றுவது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை: பூவின் தொப்பி உதிரும்போது 25 பிபிஎம் (லிட்டருக்கு 25 மில்லிகிராம்) கரைசலில் கொத்தை ஒரு முக்கு, காய் மிளகு அளவுக்கு வந்ததும் இன்னொரு முக்கு. ஒரு கிராம் தூளுக்கு 40 லிட்டர் தண்ணீர். தூள் தண்ணீரில் நேரடியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும். முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துவிட்டு அப்புறம் தண்ணீரில் ஊற்ற வேண்டும். காரத்தன்மை உள்ள தண்ணீராக இருந்தால் வீரியம் குறையும், அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது.

முக்குவதுதான் பெரிய வேலை. மக்கில் கரைசலை எடுத்து, கொத்து முழுக்க மூழ்கும்படி தூக்கிப் பிடித்து, எடுத்ததும் ஒரு உதறு உதற வேண்டும். உதறாமல் விட்டால் நுனியில் மருந்து தேங்கி அங்கே மட்டும் காய் தனியாகப் பருக்கும். கொத்தில் நெருக்கமான காய்களைக் கிள்ளிக் கலைக்காமல் ஜிஏ கொடுப்பதும் வீண். காய்கள் நெருக்கி, ஒரு மழைக்கே வெடித்துவிடும். அளவு கூடினால் காம்பு மரமாகி, பெட்டியில் காய் உதிரும். அடுத்த கவாத்தில் பூங்கொத்தும் குறையும்.

கடைகளில் 'சைஸ் டானிக்' என்று தருகிறார்களே, சதவீதம் அச்சடிக்காத பாட்டிலை நான் தொடுவதில்லை. சிபிபியு (காய் பெருக்கும் செயற்கை வளர்ச்சி ஊக்கி) கலந்தால் காய் பெருக்கும், உண்மைதான். ஆனால் தோல் தடிக்கும், பழுக்கத் தாமதமாகும், இனிப்பும் இறங்கும்.

பன்னீருக்கும் பரிந்துரை உண்டு: காய் பிடித்த 10 முதல் 12 நாளில் 25 பிபிஎம் ஜிஏவோடு 0.5 பிபிஎம் பிராசினோஸ்டீராய்டு (இன்னொரு பயிர் ஹார்மோன்). செய்து பார்த்தேன், கொஞ்சம் பளபளப்பு கூடியது. ஆனால் பன்னீரை வாங்குபவர் பார்ப்பது நிறத்தையும் வாசத்தையும். இப்போது அதற்குக் காய் பிடித்த 20, 40ஆம் நாட்களில் 0.2 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு தெளிப்பதோடு சரி. கொத்து முழுக்க ஒரே சீராகக் கறுக்கிறது.