குளத்தோரத்துக்கு எந்தப் பாறை: நிஜக் கிரானைட்டா, சிமெண்டில் செய்ததா?

எந்தத் திசையில் திரும்பினாலும் பாறைக் குன்று தெரியும் கிருஷ்ணகிரியில், வீட்டுக் குளத்துக்குச் சிமெண்டில் பாறை செய்து நிறுத்துகிறார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஓசூர் ரோட்டுப் புது வீடுகளிலும் தர்மபுரி பக்கத்துப் பண்ணை வீடுகளிலும் நீர் வழியும் பாறைகளில் கணிசமானவை கம்பி வலை மேல் பூசிய சிமெண்ட்தான். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன, சிலது நியாயமானவையும்கூட. அப்படியிருந்தும் இந்த அலசல் நிஜக் கல் பக்கமே சாயும். ஏனென்றால் இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் கட்டும் நாளில் தெரிவதில்லை. இரண்டாவது கோடையில்தான் தெரிகிறது.

பேச வசதியாக ஒரு அளவு வைத்துக்கொள்வோம். குளம் 12 அடிக்கு 10 அடி, ஆழம் 3 அடி, உள்ளே பத்துப் பதினைந்து மீன். கரையில் 4 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் ஒரு பாறை. மேலிருந்து தண்ணீர் பொங்கி, முன்முகத்தில் வழிந்து குளத்தில் விழ வேண்டும்.

அழகு பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நல்ல கைக்காரர் செய்த சிமெண்ட் பாறை முதல் வருடம் நிஜம் போலவே இருக்கும். செலவிலும் நினைக்கிற அளவு வித்தியாசம் வராது. கிரானைட்டில் கல்லுக்கான காசு சின்னது. வண்டி, ஹைட்ரா (கல்லைத் தூக்கி வைக்கும் கிரேன் வண்டி), துளை போடும் கூலி இவைதான் பெரியவை. சிமெண்டில் பொருள் மலிவு, கைவேலை விலை. ஒன்றின் மிச்சத்தை மற்றது தின்றுவிடும்.

எடையில் சிமெண்ட் தெளிவாக ஜெயிக்கிறது. கிரானைட் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. மேலே சொன்ன பாறையை நீளம், அகலம், உயரம் பெருக்கினால் 30 கன அடி. மூலைகள் உருண்டிருப்பதால் அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்தால் 20 கன அடி. அதாவது ஒன்றரை டன். அதே அளவில் ஒன்றரை அங்குலக் கனத்தில் பூசிய சிமெண்ட் பாறை 400 கிலோவைச் சுற்றி நிற்கும், அதையும் இருந்த இடத்திலேயே கட்டிக்கொள்ளலாம். வீட்டுக்குப் பின்னால் போகும் சந்து பத்தடிக்குக் குறைவாக இருந்தாலோ, குறுக்கே மின்கம்பி தாழ்வாகப் போனாலோ, வண்டி போகும் வழியில் செப்டிக் டேங்க் மூடி இருந்தாலோ, அங்கே விவாதமே வேண்டாம், சிமெண்ட்தான். மொட்டை மாடிக் குளத்துக்கும் அதுவே.

வழி இருக்கிறவர்களுக்குத்தான் அடுத்த விஷயம்: உப்பு.

நம் பகுதி போர் தண்ணீர் என்றால் எல்லாருக்கும் ஃப்ளோரைடுதான் ஞாபகம் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் பாறையில் வெள்ளையாகப் பூக்கிறது ஃப்ளோரைடு இல்லை, கால்சியம். தண்ணீர் நிலத்தடியில் இருக்கும்போது அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு கால்சியத்தைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறது. மேலே வந்து பாறையில் மெல்லிய படலமாக வழிந்து தெறிக்கும்போது வாயு பறந்துபோகிறது, கால்சியம் கார்பனேட்டாகக் கல்லில் ஒட்டுகிறது. அதனால்தான் குளத்துச் சுவரை விட, தண்ணீர் விழும் விளிம்பிலும், நனைந்து நனைந்து காயும் ஓரங்களிலும் வெள்ளை அதிகம். அருவி அமைப்பே இந்தப் படிவை உண்டாக்குவதற்கு ஏற்ற இயந்திரம் மாதிரிதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்கிறது. உங்கள் போர் 500 என்று வைத்துக்கொள்வோம். 120 சதுர அடிக் குளத்தில் கோடை நாளில் 7 மில்லிமீட்டர் ஆவியானால் சுமார் 78 லிட்டர். பாறை மேல் வழிவதும் தெறிப்பதும் சேர்த்து 100 லிட்டர் என்று கொள்ளுங்கள். அந்த 100 லிட்டரைத் தினமும் போரிலிருந்து நிரப்பினால், நாளுக்கு 50 கிராம் உப்பு உள்ளே வருகிறது, வெளியே போவதில்லை. மாதத்துக்கு ஒன்றரை கிலோ. ஒரு பங்கு தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். மீதி குளத்தடியிலும் பம்பிலும் குழாயிலும் பாறை முகத்திலும் போய் உட்காரும்.

சரி, படிந்ததை எடுப்பது எப்படி? இங்கேதான் இரண்டு பாறைகளும் பிரிகின்றன. அந்தப் படிவைக் கரைப்பது அமிலம்: எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், அல்லது வினிகர். கிரானைட்டின் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இந்த லேசான அமிலத்துக்கு அசையாதவை. சிமெண்டோ அடிப்படையிலேயே கால்சியச் சேர்மம். அமிலத்துக்குப் படிவு எது, பாறை எது என்று பார்க்கத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே தின்னும். முதல் தடவை நிறம் வெளுக்கும், அடுத்தடுத்த தடவைகளில் மேல்பூச்சு சொரசொரப்பாகும், அந்தச் சொரசொரப்பில் படிவு முன்பைவிட வேகமாகப் பிடிக்கும். அமிலம் வேண்டாமென்று சுரண்டினால் பெயிண்ட் வரும். ஆக, சிமெண்ட் பாறையைச் சுத்தம் செய்வது என்பது நடைமுறையில் மறுபடி பூசி வண்ணம் அடிப்பதுதான்.

கிரானைட்டுக்கு முறை எளிது. பம்பை நிறுத்தி ஒரு நாள் காயவிடுங்கள். பாறை அடியில் ஒரு தார்ப்பாயை விரித்து, அதன் விளிம்பு குளத்துக்குள் சரியாமல் தூக்கிக் கட்டுங்கள். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, துணியில் நனைத்துப் படிவு மேல் கால் மணி நேரம் ஒட்டிவையுங்கள். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துணுக்குகள் கல்லில் தங்கித் துரு கட்டும். கழுவிய தண்ணீர் ஒரு குவளைகூடக் குளத்துக்குள் போகக் கூடாது, மீனுக்கு ஆகாது.

இன்னொரு இடத்திலும் இதே உப்பு வேலை காட்டும்: பாறைக்குள் போகும் குழாய். சிமெண்ட் பாறையில் குழாயை வைத்தே பூசிவிடுவார்கள். மூன்று நான்கு வருடத்தில் குழாயின் உள்விட்டம் சுருங்கி நீர்வரத்து குறையும்போது, மாற்ற வேண்டுமானால் உடைக்க வேண்டும். கிரானைட்டில் துளைக்குள் ஹோஸை உருவி எடுத்துப் புதியதைச் செருகலாம். ஆனால் துளையைச் சரியாகப் போட்டிருந்தால்தான்.

அதனால் துளையிலிருந்தே தொடங்குவோம். கல்லை வாங்கும் இடத்திலேயே, தூக்குவதற்கு முன், 63 மில்லிமீட்டர் கோர் கட்டர் (வட்டமாக அறுத்துக் குடையும் கருவி) வைத்துத் துளை போடச் சொல்லுங்கள். ஒன்றரை அங்குல ஹோஸ் அதில் தாராளமாகப் போகும். நேர் கீழாக அல்ல: உச்சியிலிருந்து பின்பக்கமாகச் சாய்த்து, அடியிலிருந்து அரையடி உயரத்தில் வெளிவர வேண்டும். நேர் கீழே போட்டால், பின்னாளில் ஹோஸ் மாற்ற ஒன்றரை டன்னை மறுபடி தூக்க வேண்டிவரும். ஜாக் ஹேமரால் துளைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அந்த அதிர்வில் திறக்கும். கல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே சுத்தியலால் நாலு பக்கமும் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, பொத்தென்றால் உள்ளே விரிசல்.

பர்கூர், ஜெகதேவி பக்கத்துப் பட்டறைகளில் மெருகேற்ற ஒத்துவராமல் ஒதுக்கிய கற்கள் கிடைக்கும். அறுத்த முகமும் வரிசைத் துளைகளின் தடமும் இருக்கும், அந்தப் பக்கத்தைப் பின்னால் திருப்பிக்கொள்ளலாம். நிலத்தில் கிடக்கும் உருட்டுப் பாறைதான் பார்க்க அழகு என்றாலும், அதன் மேல்தோல் சில நேரம் தோல் தோலாக உரியும். உளியால் தட்டி உரிவதை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். கறுப்புக் கல் மட்டும் வேண்டாம், அதுவும் மெருகேற்றியது வேண்டவே வேண்டாம். வெள்ளைப் படிவு அதில் எடுப்பாகத் தெரியும். சாம்பல் வெள்ளைக் கல்லிலோ, அலை அலையாக ஓடும் பாரடைசோ வகையிலோ பாதி படிவு கண்ணுக்கே படாது.

அடித்தளத்தில் கஞ்சத்தனம் கூடாது. செம்மண் நிரப்பிய இடமாக இருந்தால் கெட்டி மண்ணோ சுக்கானோ தட்டும் வரை தோண்டுங்கள். சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவையில் 4 அங்குலம் போட்டு, அதன் மேல் மெத்தைத் துணி (ஷீட் கிழியாமல் காக்கும் தடித்த துணி), தண்ணீர் இறங்காத குளத்து ஷீட், மறுபடி மெத்தைத் துணி. ஷீட்டுக்குப் பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் போதும். அதன் மேல் 5 அடிக்கு 4 அடி, 6 அங்குலக் கனத்தில் கான்கிரீட் ஸ்லாப். 10 மில்லிமீட்டர் கம்பி, இரு திசையிலும் 6 அங்குல இடைவெளி. கம்பி ஷீட்டைக் குத்தாமல் கவர் பிளாக் என்ற சின்னச் சிமெண்ட் கட்டைகளை வைத்துத் தூக்கிக் கட்டுங்கள். ஷீட்டின் மூன்று பக்கமும் பாறைக்குப் பின்னால் ஒரு அடி மேலே மடங்கி நிற்க வேண்டும். தெறிக்கிற தண்ணீர் குளத்துக்கே திரும்புவது அந்த மடிப்பால்தான். தண்ணீர் குறைகிறதே, குளம் ஒழுகுகிறதோ என்று தேடுபவர்கள் பெரும்பாலும் தேட வேண்டிய இடம் குளம் அல்ல, இந்தப் பின்பக்கம்.

ஸ்லாப்பைக் குளத்தின் விளிம்பில் ஒட்டிப் போடக் கூடாது. பாறையின் பாரம் மண்ணுக்குள் சரிவாகப் பரவும். கரை வெறும் மண்ணாக இருந்தால், 3 அடி ஆழக் குளத்துக்கு 3 அடி தள்ளி நிறுத்தி, தண்ணீரை ஒரு பலகைக் கல் வழியாகக் குளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டித்தான் நிற்க வேண்டுமென்றால் அடித்தளம் குளத்தின் தரைமட்டம் வரை இறங்க வேண்டும். ஸ்லாப்புக்கு மூன்று வாரம் தண்ணீர் காட்டிய பிறகே கல்.

ஹைட்ராவை அழைக்கும்போது கல்லின் எடையை மட்டும் சொன்னால் போதாது, எவ்வளவு தூரம் கையை நீட்ட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். 12 டன் வண்டி என்பது கை சுருங்கியிருக்கும்போது உள்ள கணக்கு. நீட்ட நீட்டத் தூக்கும் சக்தி சரசரவென்று குறையும். சங்கிலி கல்லைக் கீறும், அகலமான பெல்ட் இரண்டு போடுங்கள். ஸ்லாப் மேல் மூன்று கிரானைட் துண்டுகளை முக்கோணமாக வைத்து அதன் மேல் இறக்கினால் கல் ஆடாது, பெல்ட்டையும் உருவிவிடலாம். வண்டி கிளம்புவதற்கு முன் உச்சியில் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் வழிகிறது என்பது அரை அங்குலச் சாய்வில் மாறும். அப்போது ஒரு சில்லு செருகினால் முடிகிற வேலை, வண்டி போனபின் இன்னொரு நாள் வாடகை.

முன்விளிம்பு உருண்டையாக இருந்தால் தண்ணீர் விழாமல் கல்லின் அடிப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடும். சன்ஷேடு அடியில் விடுவது போல, விளிம்புக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் காடி வெட்டினால் அங்கேயே சொட்டிவிடும். சிமெண்ட் பாறைக்கும் இது பொருந்தும்.

சிமெண்ட்தான் என்று முடிவானவர்கள் கவனிக்க வேண்டியவை: 8 மில்லிமீட்டர் கம்பிக் கூடு, மேலே கோழி வலை இரண்டு அடுக்கு, சிமெண்ட், மணல் 1:2 கலவையை முடிந்தவரை தண்ணீர் குறைத்துப் பூசுவது, வலை எங்கும் வெளியே தலைகாட்டாமல் மூடுவது. வலை மேற்பரப்புக்கு மிக அருகில் இருந்தால் துரு வீங்கிப் பூச்சைத் தள்ளும். வண்ணத்தை மேலே அடிப்பதை விட ஆக்சைடு பொடியைக் கலவையிலேயே சேர்ப்பது நீடிக்கும். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும். தண்ணீரின் காரத்தன்மை ஏறும், அப்போது மீன் கழிவிலுள்ள அம்மோனியாவின் விஷம் கூடும். இரண்டு வாரம் நனைத்த பிறகு, குளத்தை நிரப்பி, ஓடவிட்டு, வடித்து, மறுபடி நிரப்புங்கள். மீன் கடையில் கிடைக்கும் பி.எச். சோதனைத் திரவத்தில் அளவு எட்டரைக்குக் கீழே நிலைத்த பிறகே மீன். பின்பக்கத்துப் பொந்தை வலை போட்டு அடைக்காவிட்டால் எலி குடிவரும், எலியைத் தேடி அடுத்தது வரும்.

ஃபைபர் பாறை மூன்றாவது வழி. இரண்டு பேர் தூக்கிவிடலாம், ஒரே நாளில் வேலை முடியும், சிட்ரிக் ஆசிட்டும் தாங்கும். நம் வெயிலில் பல வருடம் நின்ற ஃபைபர் பாறைகள் இந்தப் பக்கம் அதிகம் கண்ணில் படாததால், இங்கே சொல்வதை முழு உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: மேல்பூச்சு வெளுத்து மாவு போல உதிர்வதுதான் அதன் பலவீனம். நிழலான இடத்துக்கும் வாடகை வீட்டுக்கும் யோசிக்கலாம்.

எந்தப் பாறையானாலும் பம்ப் ஒன்றுதான். விழும் விளிம்பின் அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு மணிக்கு 400 லிட்டர் என்று கணக்கிட்டால், ஒன்றரை அடி விளிம்புக்கு 7,000 லிட்டர் சொச்சம். பம்ப் பெட்டியில் அச்சடித்திருப்பது உயரமே இல்லாதபோது தள்ளும் அளவு. இரண்டு மீட்டர் ஏற்றத்தில் எவ்வளவு தரும் என்று அட்டவணையில் பார்த்து வாங்குங்கள். வெளியே ஒரு பால் வால்வும் கழற்றக்கூடிய யூனியன் இணைப்பும், போர்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

ஓட்டும் நேரத்தையும் உப்பை வைத்தே தீர்மானிக்கலாம். நண்பகலில் சூடான கல் மேல் தண்ணீர் விட்டால் ஆவியும் படிவும் அதிகம். குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவது விடியற்காலையில். ஆகவே டைமரில் காலை 4 முதல் 8, மாலை 5 முதல் 9 என்று வைத்தால் மீனுக்கும் நல்லது, கல்லுக்கும் நல்லது. குறைந்த அளவை ஈடுகட்ட ஊற்றிக்கொண்டே இருப்பதோடு நிறுத்தாமல், மாதம் ஒருமுறை கால்பங்கைத் தென்னைக்கோ வாழைக்கோ வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பினால் சேர்ந்த உப்பும் வெளியேறும். கூரை மழைநீரைத் தொட்டியில் பிடிக்க முடிந்தால் அதுவே சிறந்த நிரப்புநீர். 1,000 சதுர அடிக் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போக 60,000 லிட்டருக்குக் குறையாது.

கல் வாங்குபவர்களுக்கு ஒன்று மட்டும் மீதி. புறம்போக்கிலோ குன்றிலோ கிடக்கிறதே என்று வண்டி ஏற்றாதீர்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959-இன்படி அது குற்றம், வழியில் நிறுத்தினால் வண்டியும் போகும். உரிமம் உள்ள குவாரியிலோ பட்டறையிலோ வாங்கி, பில்லும் அந்தக் கல்லுக்கான போக்குவரத்துச் சீட்டும் ஓட்டுநர் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள்.