பிஸ்டன் மாற்றியதாக பில், பேஸ் நட்டில் பழைய சேறு அப்படியே: பழைய ஏடிவி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, பாதி த்ராட்டிலுக்கு மேல் இழுவை இல்லை, சைலன்ஸரில் லேசாக நீலப்புகை. இந்த மூன்று புகாரோடு ஒரு பழைய ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) பட்டறைக்குப் போனது. ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், பெல்ட் டிரைவ், நான்கு சக்கர இழுவை உள்ள வேலை வண்டி. வந்த பில்லில் பிஸ்டன், ரிங் செட், டாப் எண்ட் கேஸ்கட் செட், கார்புரேட்டர் கிட், டிரைவ் பெல்ட், எல்லா ஆயிலும் இருந்தன. பத்து நாளில் மூன்று புகாரும் திரும்பிவிட்டன. பிரித்துப் பார்த்தால் பில்லில் உள்ள பாதி வேலை நடக்கவே இல்லை. நடந்த பாதியும் தப்பு. பட்டறையின் பெயரை எழுதவில்லை. இதே வழியில் வேறு யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரம்.

முதல் பொய் கம்ப்ரெஷன் கேஜில் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி) தொடங்கியது. பிளக்கைக் கழற்றி, கேஜை மாட்டி, செல்ஃப் அடித்து, 60 பிஎஸ்ஐ என்று காட்டி, "கம்ப்ரெஷன் போயிடுச்சு, இன்ஜின் இறக்கணும்" என்றார்கள். கேஜ் காட்டியது உண்மைதான், அதற்குச் சொன்ன அர்த்தம்தான் தவறு. இந்த மாதிரிப் பல ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் கேம் ஷாஃப்டிலேயே தானியங்கி டிகம்ப்ரெஷன் இருக்கும். செல்ஃப் சுற்றும் வேகத்தில் அது எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் தூக்கிவைத்து அழுத்தத்தை வெளியே விடும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் தானாக விலகிவிடும். அதனால் நல்ல இன்ஜினும் கேஜில் குறைவாகத்தான் காட்டும். த்ராட்டிலை முழுதாகத் திறக்காமல் அளந்தால் இன்னும் குறையும். அந்த ஒரு எண்ணை வைத்து ரிங் தேய்ந்தது என்று யாரும் முடிவு கட்ட முடியாது.

சரியான சோதனை லீக்-டவுன். பிஸ்டனைக் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றடித்து, எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். கார்புரேட்டர் வாயில் என்றால் இன்டேக் வால்வ். ஆயில் ஊற்றும் துளையில் என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட். காற்று அடிக்கும்போது கிராங்க் சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், கை நசுங்கும். இந்த வண்டியில் சத்தம் சைலன்ஸரில் கேட்டது. வால்வ் இடைவெளியைப் பார்க்கும் டேப்பெட் மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டால், எக்ஸாஸ்ட் பக்கம் 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை. மேனுவல் சொல்வது, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மி.மீ. ஓட ஓட வால்வ் சீட்டில் பதிந்து உட்காரும், இடைவெளி மூடிக்கொண்டே வரும், கடைசியில் வால்வ் முழுதாக மூடாது. குளிரில் ஸ்டார்ட் ஆகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு ஸ்பேனர், ஒரு ஃபீலர் கேஜ், அரை மணி நேரம் போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: டைமிங் குறி (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் குறி) நேராக இருந்தும் ராக்கர்கள் (வால்வை அழுத்தித் திறக்கும் கைகள்) இறுக்கமாக இருந்தால் அது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அளக்க வேண்டும்.

நீலப்புகையைக் காட்டியும் ரிங் என்றுதான் சொன்னார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் அடியில் ஆயில் தேங்கி நிற்கிறது, ஃபில்டர் ஊறிப்போயிருக்கிறது. இந்த இன்ஜினுக்கு ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். வண்டி சும்மா நிற்கும்போது தொட்டி ஆயில் மெதுவாக கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அப்போது டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) எடுத்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலே ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். மிஞ்சின ஆயில் பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாய்) வழியாக ஏர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து இன்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டு, நீலப்புகையாக வெளியே வரும். சற்று நேரம் ஐடிலில் ஓடவிட்டு, நிறுத்தியதும் பார்ப்பதுதான் முறை. டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்க்க வேண்டுமா, சும்மா வைத்துப் பார்க்க வேண்டுமா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸுக்குப் பிறகும் அளவு மிஞ்சித்தான் இருந்தது. சுமார் 600 மி.லி. வடித்து, ஏர் பெட்டியைத் துடைத்து, புது ஃபில்டர் போட்டதும் புகை நின்றுவிட்டது. இன்ஜினை இறக்கத் தேவையே இருக்கவில்லை.

அவர்களும் இறக்கவில்லை என்பதுதான் கொடுமை. சிலிண்டர் பேஸில் இருக்கும் நட்டுகளைச் சுற்றிச் சேறு காய்ந்து இறுகி ஓடு மாதிரி உட்கார்ந்திருந்தது, எங்கும் ஒரு விரிசல் இல்லை. ஸ்பேனர் ஒரு தடவை பட்டிருந்தால் அது உதிர்ந்திருக்கும். பேஸ் கேஸ்கட்டின் ஓரம் கறுத்து, வெடித்து, சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. சிலிண்டரைத் தூக்காமல் பிஸ்டன் மாற்ற முடியாது. தூக்கினால் அந்தச் சேறும் அந்தக் கேஸ்கட்டும் அப்படியே இருக்க முடியாது. பழைய பிஸ்டன் எங்கே என்று கேட்டதற்கு, குப்பையில் போட்டாச்சு என்று பதில்.

கார்புரேட்டரை மட்டும் நிஜமாகவே திறந்திருக்கிறார்கள். இழுவை போனதற்கு அதுவே காரணமாகவும் ஆகிவிட்டது. மேல் மூடியைக் கழற்றினால் டயாஃப்ரம் ரப்பரின் விளிம்பு ஒரு இடத்தில் பள்ளத்தில் உட்காராமல் மூடிக்கும் உடலுக்கும் நடுவில் நசுங்கியிருந்தது, நகத்தால் கீறின மாதிரி ஒரு கோடு. அங்கே காற்று கசிந்தால் வேக்குவம் ஸ்லைடை (பெட்ரோல் அளவை மாற்றும் ஊசியான நீடிலைத் தாங்கி மேலும் கீழும் நகரும் பாகம்) தூக்காது. நீங்கள் எவ்வளவு த்ராட்டில் கொடுத்தாலும் நீடில் பாதிக்கு மேல் ஏறாது. மாட்டும்போது ஸ்லைடை விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்து, விளிம்பு சுற்றிலும் பள்ளத்தில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரிங்கையும் மூடியையும் வைக்க வேண்டும். ரப்பரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தால் ஊசித் துளை இருந்தாலும் தெரிந்துவிடும்.

பைலட் ஜெட்டை (ஐடிலில் பெட்ரோல் விடும் சிறு துளை உள்ள பாகம்) வெளிச்சத்தில் பார்த்தால் இருட்டு. கெய்ஹின் பிராண்ட் கார்புரேட்டர் ஜெட்டில் 40 என்று எண் இருந்தால் துளை சுமார் 0.40 மி.மீ.தான். பழைய பெட்ரோல் காய்ந்த பிசின் அதை அடைக்க ஒரு துளி போதும். கார்ப் கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய செம்புக் கம்பியால் தட்டிவிட்டுக் காற்றடித்தால் திறக்கும். எஃகுக் கம்பியைக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். ஃபியூவல் ஸ்க்ரூவின் (ஐடிலில் போகும் பெட்ரோலைத் திருகிச் சரிசெய்யும் ஸ்க்ரூ) துளையில் இன்னொரு அலட்சியம்: பழைய ஓ-ரிங் உள்ளேயே சிக்கியிருக்க, அதன் மேல் கிட்டில் வந்த புது ஓ-ரிங்கையும் அழுத்தி விட்டிருந்தார்கள். வரிசை ஸ்க்ரூ, ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங். ஓ-ரிங்தான் உள்ளே கடைசி, அதனால் ஸ்க்ரூவோடு வெளியே வராமல் நின்றுவிடும். வளைத்த மெல்லிய கம்பியால் எடுக்க வேண்டும். கிட்டில் வந்த மெயின் ஜெட்டும் (அதிக த்ராட்டிலில் பெட்ரோல் விடுவது) ஒரிஜினல் எண்ணில் இல்லை. தேயாத ஒரிஜினல் பித்தளை ஜெட்டை எந்தக் கிட்டுக்காகவும் தூக்கிப் போட விடாதீர்கள். சுத்தம் செய்தாலே போதும்.

பெல்ட் பழையதுதான், துடைத்து மாட்டியது. பக்கவாட்டில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, எழுத்து பாதி அழிந்திருக்கிறது, பின் புல்லியில் விளிம்புக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. புதுப் பெல்ட் அந்த இடத்தில் ஏறத்தாழ விளிம்பு மட்டத்துக்கு நிற்கும். அகலத்தை வெர்னியரில் அளந்து மேனுவலின் தேய்மான அளவோடு ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது. கவருக்குள் பழைய ரப்பர் தூளும் அள்ளப்படாமல் கிடந்தது. கவருக்குக் காற்று போகும் குழாயில் ஒரு கிளாம்ப் இறுக்கப்படாமலும் இருந்தது. தண்ணீரில் இறங்கினால் பெல்ட் நனைந்து வழுக்கும்.

பணம் போனதைவிட மனம் பதறியது முன் சக்கரத்தைக் கழற்றியபோது. இடது முன் ஆக்ஸில் நட்டில் காட்டர் பின் (நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் மடக்குக் கம்பி) இல்லை. நட்டு கையாலேயே திரும்பியது. அந்த நிலையில் வண்டி பத்து நாள் ஓடியிருக்கிறது, மேட்டில், சுமையோடு. சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது நான்கு சக்கரத்தின் நடு மூடியையும் கழற்றி, காட்டர் பின்னைப் புதிதாகப் போட்டு மடக்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போட்டால் உடையும்.

வண்டியை விடுவதற்கு முன் செய்ய வேண்டியது: சிலிண்டர் பேஸ் நட், ஹெட் போல்ட், பெல்ட் கவர் போல்ட் ஒவ்வொன்றிலும் போல்ட்டுக்கும் உடலுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் உள்பக்கத்தில் மார்க்கரால் ஒரு எழுத்து எழுதுங்கள். மாற்றிய ஒவ்வொரு பாகமும் பழையது திரும்ப வேண்டும், லீக்-டவுனில் எவ்வளவு கசிந்தது என்ற எண்ணும் எங்கே கசிந்தது என்பதும் இல்லாமல் இன்ஜினைத் திறக்கக் கூடாது, இந்த இரண்டையும் வேலைச் சீட்டிலேயே எழுதி அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள். எழுத மாட்டோம் என்றால் வண்டியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே பில் கட்டியிருந்தால், வேறு எங்கும் கொடுப்பதற்கு முன், எதையும் துடைக்காமல் அந்தப் பேஸ் நட்டையும் கேஸ்கட் ஓரத்தையும் கிட்டத்தில் படம் எடுங்கள். ஒரு தடவை கழுவிவிட்டால் அந்தச் சேற்றுச் சாட்சி போய்விடும்.