அம்மாவுக்காக எடுத்த தமிழ்ச் சேனல் தொகுப்பு: இரண்டு வருடம் பார்த்த பிறகு

அப்பா போன பிறகு சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் பகல் முழுக்க அம்மா தனியாக இருக்கிறாரே என்று ஒரு கட்டண டிவியின் தமிழ்த் தொகுப்பை இரண்டு வருட ஒப்பந்தத்தில் எடுத்தேன். மாதம் 30 வெள்ளிக்குக் (சிங்கப்பூர் டாலர்) கொஞ்சம் மேல். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது, எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படம் தெளிவு, ரிமோட் சுலபம், அம்மா அரை மணி நேரத்தில் பழகிவிட்டார். அதில் குறையே இல்லை.

ஆனால் சென்னையில் எட்டு மணி என்றால் நமக்குப் பத்தரை. அம்மா பார்க்கும் இரண்டு தொடர்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. எட்டு மணிச் சாப்பாடு மெல்ல மெல்லத் தள்ளிப்போய், கடைசியில் பதினொரு மணி விளம்பர இடைவேளையில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டு, ரிமோட் பக்கத்திலேயே வைத்திருக்கும் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள்வது என்று ஆகிவிட்டது. பாலிகிளினிக்கில் அளவு ஏறியிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

போன மார்ச்சில் ஒரு சேனல் திடீரென்று காணோம். ஹாட்லைனில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். உரிமை மாறிவிட்டதாம், அதே நிகழ்ச்சிகளை வேறொரு செயலியில் தனிக்காசு கொடுத்துப் பார்க்கலாமாம். சரி, அப்படியானால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன் என்றால் அதற்கு அபராதம் உண்டு.

எங்கோ யாரோ கைமாற்றினால் நம் ஹால் மாறுகிறது. விஜய் டிவியையே பாருங்கள். ஊடக அதிபர் ரூப்பர்ட் மர்டாக்கின் ஸ்டார் நிறுவனத்தின் கையில் இருந்தது, 2019இல் அவருடைய ஃபாக்ஸ் சொத்துகளை 7,100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து டிஸ்னி வாங்கியபோது அதோடு போனது, 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொழில் ரிலையன்ஸோடு சேர்ந்து இப்போது ஜியோஸ்டார். அம்மாவுக்கு இதில் ஒரு பெயரும் தெரியாது. சன் குழுமமோ 1993இல் ஒரு சேனலாகத் தொடங்கியது, இன்று படத் தயாரிப்பு, சூரியன் எஃப்எம், தினகரன், கிரிக்கெட் அணி எல்லாம் அவர்களிடம். அவர்கள் எடுத்த படத்தை அவர்கள் சேனலிலேயே நாள் முழுக்கப் புகழ்ந்தால், பார்ப்பவர் வேறு பேச்சை எங்கே கேட்பார்?

என்னை அதிகம் வருத்தியது இதுதான். வேளச்சேரியில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அம்மா சரியாகச் சொல்வார். கீழே உள்ள, மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தையைச் சுத்தம் செய்ய மூன்று நாள் மூடியிருந்தது தெரியாமல் கூடையோடு போய்த் திரும்பி வந்தார். நாங்கள் வாழும் ஊரைப் பற்றி இந்தத் தொகுப்பில் ஒரு நிமிடம்கூட இல்லை. இங்கேயும் ஊடகங்களை வைத்திருக்கும் கைகள் குறைவுதான், உள்ளூர்த் தமிழ்ச் சேனலான வசந்தம், அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கின் மீடியாகார்ப்பிடம், இருக்கும் ஒரே தமிழ் நாளிதழான தமிழ் முரசு எஸ்பிஎச் மீடியா நிறுவனத்திடம். ஆனாலும் நம் தெரு அதில் வருகிறது.

முழுத் தொகுப்பைப் புதுப்பிக்கப் போவதில்லை, அம்மா கேட்ட ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொள்கிறோம். நீங்கள் எடுப்பதாக இருந்தால், பாதியில் சேனல் போனால் கட்டணம் குறையுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கடையில் வாய்ப்பேச்சாகச் சொல்வதை நம்பாதீர்கள். போன வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் எட்டு மணிக்குச் சாப்பாடு. தொடரை மறுநாள் காலை மறு ஒளிபரப்பில் பார்க்கிறார்.