லாஜிடெக் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ்: நல்ல சக்கரமும் அதற்கு ஈடு கொடுக்கவேண்டிய மென்பொருளும்

ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கணக்குத் தாள்களை நாள் முழுவதும் மேலும் கீழும் நகர்த்திச் சரிபார்ப்பது என் வேலை என்பதால், எந்த மவுஸைக் கையில் எடுத்தாலும் என் விரல் முதலில் தேடுவது அதன் நடுவில் உள்ள சக்கரத்தைத்தான். 2022-இல் வெளிவந்த எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ்ஸை நான் வாங்கியதற்கும் அந்தச் சக்கரமே காரணம்.

வழக்கமான மவுஸ்களில் சக்கரத்தின் பள்ளங்களில் ஒரு சிறு ஸ்பிரிங் விழுந்து எழுவதால்தான் நாம் உருட்டும்போது படிப்படியான உணர்வு கிடைக்கிறது. இதில் அந்தப் படிகளைக் காந்த விசை உண்டாக்குகிறது. மெல்ல உருட்டினால் ஒவ்வொரு படியிலும் உறுதியாக நிற்கும் சக்கரம், விரலால் வேகமாகச் சுண்டியவுடன் பிடியை விட்டுவிட்டுத் தடையின்றிச் சுழல்கிறது. ஒரு நொடியில் 1000 வரிகள் வரை கடக்கும் என்பது நிறுவனத்தின் கூற்று. நான் வரிகளை எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால், முன்பு பலமுறை உருட்டி அடைந்த கடைசி வரியை இப்போது ஓரிரு சுண்டலில் அடைந்து, விரலை லேசாக வைத்து நிறுத்திவிட முடிகிறது. கட்டைவிரலுக்கு அருகே பக்கவாட்டு நகர்வுக்கென உள்ள இரண்டாவது சக்கரம், பன்னிரண்டு மாதங்களும் அடுத்தடுத்த பத்திகளாக நீளும் அட்டவணைகளில் பெரும் உதவி.

எனினும், சக்கரம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது அனுப்பும் செய்தியை மென்பொருள் சரியாக வாங்கிக்கொள்ளாவிட்டால் பயனில்லை. 1996-இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டெலிமவுஸ் மூலம் சக்கரத்தைப் பரவலாக்கியபோது, ஆஃபீஸ் 97 தொகுப்பையும் அதற்கு இசைவாக வடிவமைத்தது. விண்டோஸில் சக்கரத்தின் ஒரு படிக்கு 120 என்ற எண் வைக்கப்பட்டது. பிற்காலத்தில் இன்னும் நுட்பமான சக்கரங்கள் வந்தால், அவை ஒரு படியின் சிறு பகுதியையும் தெரிவிக்க இடம் வேண்டும் என்ற தொலைநோக்கு அதில் இருந்தது. அப்படிச் சிறு சிறு எண்களாக வருவதை உடனுக்குடன் நகர்வாக மாற்றவேண்டும், அல்லது 120 சேரும்வரை கூட்டி வைக்கவேண்டும். நான் பயன்படுத்தும் ஒரு கணக்கு மென்பொருளோ, வந்த எண்ணை 120-ஆல் வகுத்து மீதியை எறிந்துவிடுவதுபோல் நடந்துகொள்கிறது: படியின் சிறு பகுதிகளையும் அனுப்பும் மென்மையான ஸ்க்ரோலிங் வசதியை இயக்கிவிட்டு மெதுவாக உருட்டினால், திரை அசைவதே இல்லை. லினக்ஸ் இயங்குதளத்திலும் நெடுங்காலம் சக்கரத்தின் ஒவ்வொரு படியும் நான்காவது அல்லது ஐந்தாவது பொத்தானின் அழுத்தமாகவே கருதப்பட்டது. 2019-இல் வந்த அதன் மையப் பகுதியான கெர்னலின் 5.0 பதிப்பில்தான் நுண்ணிய நகர்வுகளுக்கு முறையான இடம் கிடைத்தது.

தடையின்றிச் சுழலும் சக்கரம் இன்னொரு குறையையும் வெளிக்கொணர்கிறது. அது சுழன்றுகொண்டிருக்கும்போதே நகலெடுப்பதற்காகக் கன்ட்ரோல் விசையை அழுத்தினால், மிச்சமுள்ள சுழற்சி முழுவதையும் உருப்பெருக்கக் கட்டளையாக எடுத்துக்கொண்டு பக்கம் திடீரென விரிகிறது அல்லது சுருங்குகிறது. இதைவிடக் கவலைக்குரியது, இணையப் படிவங்களில் எண் கட்டத்தில் தொகையை நிரப்பிவிட்டுப் பக்கத்தை நகர்த்த முயலும்போது, சில இடங்களில் பக்கத்துக்குப் பதிலாகத் தொகையே மாறிவிடுவது. ஒருமுறை அப்படி மாறிய தொகையை அனுப்புவதற்குச் சற்று முன்புதான் கவனித்தேன். உருட்டுவது பார்ப்பதற்கான செயல். அது பயனர் எழுதியதைத் திருத்தக் கூடாது என்பதை மென்பொருள் எழுதுபவர்கள் உறுதியாகக் கடைப்பிடிக்கவேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சொடுக்கும் ஒலி மிகவும் குறைவு. கண்ணாடி மேசையிலும் சுட்டி தடுமாறுவதில்லை. யுஎஸ்பி-சி வழியாக மின்னேற்றலாம். 141 கிராம் எடை, மேசையில் ஊன்றிய கைக்கு நிலையானதாகத் தோன்றினாலும், அடிக்கடி தூக்கி வைப்பவர்களுக்குப் பாரமாக இருக்கும். வலக்கைக்கென்றே வளைக்கப்பட்ட உடல் என்பதால் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இதைப் பரிசீலிக்கவே வேண்டாம்.

வாங்குபவர்கள் லாஜிடெக்கின் ஆப்ஷன்ஸ் பிளஸ் என்ற அமைப்பு மென்பொருளைத் திறந்து, சக்கரம் எந்த வேகத்தில் பிடியை விடவேண்டும் என்ற அளவைத் தங்கள் விரலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளட்டும். நான் அதைச் சற்று உயர்த்தி வைத்தபின், வேண்டாத நேரத்தில் சக்கரம் ஓடிவிடுவது பெரிதும் குறைந்திருக்கிறது.