ஜெபக் குறிப்பேடு: எல்லாக் கட்டமும் இருக்கிறது, ஒன்றைத் தவிர

சபைப் புத்தக மேஜைகளில் விற்கும் ஜெபக் குறிப்பேடுகள் அட்டைப்படத்தில்தான் வேறுபடும். உள்ளே பெரும்பாலும் அதே நான்கு கட்டங்கள்: தேதி, விண்ணப்பம், வசனம், பதில் கிடைத்த தேதி. வாங்கும் முன் முதுகைப் பாருங்கள். நூல் தைத்தது ஒரு வருஷம் தாங்கும். பசை மட்டும் போட்டதை நடுவில் விரித்து அமுக்கினால் தாள் கழன்று வரும். மெல்லிய தாளில் ஜெல் பேனா மை பின்பக்கம் ஊறும், பால்பாயிண்ட் போதும்.

தேதிக் கட்டத்துக்காகவே இதை வாங்கலாம். கேட்டதே மறந்துபோனால் ஸ்தோத்திரமும் மறந்துபோகும். பிரிஸ்டலில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898), வந்த காணிக்கைகளைத் தேதியும் தொகையுமாக எழுதிவைத்தவர்.

சிக்கல் 'பதில்' கட்டத்தில். இரண்டு விரல் அகலம்தான். ஒரு தேதியும் ஒரு டிக்கும் போட்டால் நிறைந்துவிடும். சில மாதத்தில் நோட்டு மார்க் ஷீட் ஆகிவிடுகிறது. டிக் விழுந்த வரி 'கர்த்தர் என்னை நேசிக்கிறார்' என்றும், காலி வரி 'நான் எங்கோ தவறிவிட்டேன்' என்றும் வாசிக்கப்படுகிறது. யோவான் 11:5-6 இதற்கு நேர் எதிர். இயேசு மார்த்தாளிடமும் அவள் சகோதரியிடமும் லாசருவிடமும் அன்பாயிருந்தார் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனமே, லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்டும் அவர் இருந்த இடத்தில் இன்னும் இரண்டு நாள் தங்கினார் என்கிறது. அவர் போய்ச் சேர்ந்தபோது லாசரு இறந்து, கல்லறையில் நாலு நாள். தாமதத்துக்கு முன்பே அன்பு எழுதப்பட்டிருக்கிறது.

107ஆம் சங்கீதத்தை இந்த நோட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வனாந்தரத்தில் அலைந்தவர்கள், சிறைப்பட்டவர்கள், நோயாளிகள், புயலில் சிக்கிய கப்பலோட்டிகள் என நான்கு கூட்டத்தார். நால்வரும் ஆபத்தில் கூப்பிடுகிறார்கள் (6, 13, 19, 28), விடுவிக்கப்படுகிறார்கள். அதோடு வரி முடிவதில்லை. கர்த்தருடைய கிருபையினிமித்தம் அவரைத் துதிக்கவேண்டும் என்று நான்கு முறையும் வருகிறது (8, 15, 21, 31). 'கிருபை' என்று நம் வேதாகமத்தில் நிற்கும் எபிரெயச் சொல் ஹெசெத், உடன்படிக்கையை விட்டுப் பிரியாத அன்பு. நோட்டில் இல்லாதது அந்த அன்பை எழுதும் கட்டம்தான்.

கையாலேயே சரிசெய்துகொள்ளலாம். வலப்பக்கத்தில் விண்ணப்பம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி விடுங்கள். இடப்பக்கத்தைக் காலியாக வையுங்கள். மாதம் ஒருமுறை திருப்பிப் பார்த்து, என்ன நடந்தது, அதில் பிதாவின் அன்பு எப்படித் தெரிந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். 'இல்லை' என்பதும் பதில்தான், அதற்கும் தேதி போடலாம். பவுல், 'மாம்சத்திலே ஒரு முள்' என்று தான் சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற வார்த்தை வந்தது (2 கொரிந்தியர் 12:8-9). இப்போதுள்ள கட்டத்தில் அந்த வார்த்தையை எழுத இடமே கிடையாது.

எழுதுபவர் பக்கமும் தப்பு நடக்கும். 'குடும்பம் ஆசீர்வதிக்கப்பட' என்று எழுதினால் பதில் வந்தாலும் அடையாளம் தெரியாது. 'தம்பிக்கு ஜூனுக்குள் வேலை' என்றால் தெரியும். ஜூன் தாண்டினால் வரியை அடிக்காமல் புதுத் தேதி போடுங்கள். அடுத்தவர் வியாதியை எழுதும்போது முதலெழுத்து போதும், நோட்டு வீட்டில் எல்லார் கையிலும் படும்.

பக்கத்தின் அடியில் வசனம் அச்சிட்ட ரகமும் உண்டு. அதில் ஒரு சோதனை: 'கேளுங்கள்' வசனங்கள் மட்டும்தானா, 'உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும்' என்று இயேசு வேண்டிய கெத்செமனே ஜெபமும் இருக்கிறதா? மத்தேயு 7:7-ஐ மட்டும் போட்டு, அப்பம் கேட்கும் மகனுக்கு எந்தத் தகப்பனும் கல்லைக் கொடுக்கமாட்டான் என்ற 9 முதல் 11 வரையிலான வசனங்களை விட்டிருந்தால், கேட்பதற்கான காரணத்தையே வெட்டிவிட்டார்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். கையில் ஸ்கேல் இருந்தால் கோடு போட்ட சாதாரண லாங் சைஸ் நோட்டே போதும், இடப்பக்கமும் தாராளமாகக் கிடைக்கும்.