பிரேக் டிஸ்க்கில் துரு நீக்கிப் பெயின்ட் அடித்தது: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

பிரேக் டிஸ்க்குக்குப் பெயின்ட் அடிப்பதை அழகுக்கான வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். திருவான்மியூரில் கடலை ஒட்டிய தெருவில், கூரையில்லாத இடத்தில் நிற்கும் என் மாருதி ஸ்விஃப்டில் இதைச் செய்து, வடகிழக்குப் பருவமழையை இரண்டு முறை பார்த்துவிட்டேன். எந்த பெயின்ட் வாங்கினோம் என்பதைவிட, துருவை எவ்வளவு ஆழம் வரை எடுத்தோம், எந்த இடத்தில் பெயின்ட் படாமல் விட்டோம் என்ற இரண்டுமே முக்கியம் என்பது இப்போது என் உறுதியான கருத்து.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடு; பெரும்பாலான கார்களில் அது சாம்பல்நிற வார்ப்பிரும்பு. வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதிர்வை உள்வாங்கும். ஆனால் நனைந்த சில மணி நேரத்திலேயே செம்பழுப்பாகிவிடும். பேட் (பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் கட்டை) உரசும் வளையத்தில் ஏறும் மெல்லிய துருவுக்குக் கவலைப்பட வேண்டாம். காலையில் வண்டியை எடுத்து நாலைந்து முறை பிரேக் பிடித்தாலே போய்விடும். பேட் தொடாத இடங்கள்தாம் கவனிக்க வேண்டியவை: நடுவே தொப்பி போல எழும்பியிருக்கும் பகுதி, வெளி விளிம்பு, உள்ளே காற்று போகும் இடுக்குகள். அங்கே துரு அடுக்கடுக்காக ஏறிப் பொருக்காகிறது. விளிம்புப் பொருக்கு தடித்துப் பேட்டின் ஓரத்தைத் தொடும்போது கிறீச்சென்ற சத்தம் தொடங்கும். அதைவிட மோசமானது, தொப்பியின் உட்புறமும் ஹப்பும் (டிஸ்க்கும் வீலும் மாட்டப்படும் நடுப்பகுதி) சேரும் முகத்தில் இருக்கும் துரு. சுழலும்போது டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் பொதுவாக 0.05 மில்லிமீட்டர் அளவுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டுவதற்கு அந்த முகத்தில் ஒரு துருத்துணுக்கு சிக்கினாலே போதும். பிறகு டிஸ்க் ஒரே தடிமனாகத் தேயாமல், நாளடைவில் பிரேக் பெடல் காலுக்கடியில் அதிர ஆரம்பிக்கும்.

ஆகவே டிஸ்க்கைக் கழற்றித்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பேன். வீலை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே ஸ்ப்ரே அடித்தால் ஹப் முகம் தெரியவே தெரியாது. கழற்றியதும் முதலில் தடிமனை அளந்துகொள்ளுங்கள். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் பெயின்ட் பேச்சே வேண்டாம், புதிது வாங்க வேண்டியதுதான். பேட்டுகளைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டி வையுங்கள், அதன் எடை பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டு கொடுங்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே நல்லது.

துரு நீக்குவதில்தான் நேரம் போகும், போகவும் வேண்டும். பொருக்கைச் சிறு உளியால் தட்டி உதிர்த்துவிட்டு, ட்ரில்லில் மாட்டிய கம்பி பிரஷ்ஷை ஓட்டினேன். பிறகு 80ஆம் எண் உப்புத்தாளால் மூலை முடுக்குகளைக் கையாலேயே தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தாலும் ஊசிமுனை அளவு குழிகளில் கருஞ்சிவப்பு தங்கிவிடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இடப்புற டிஸ்க்கில் மட்டும் அந்தக் குழிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவி, மீதியைக் கழுவி, நன்றாக உலர்த்தினேன். வலப்புறத்தை உப்புத்தாளோடு விட்டேன். முதல் மழைக்காலம் முடிந்தபோது வலப்புறத் தொப்பியில் கடுகளவு கொப்புளங்கள் எழும்பியிருந்தன. நகத்தால் கீறினால் வெள்ளிநிறப் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது, அடியில் செம்பொடி. இடப்புறம் இரண்டாவது மழைக்குப் பிறகும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கிறது.

பெயின்ட், 600 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று குறிப்பிட்ட சிலிக்கோன் வகை ஸ்ப்ரே. எண்ணெய்ப் பசையைப் பிரேக் கிளீனரால் போக்கி, பேட் உரசும் வளையத்தை மாஸ்க்கிங் டேப்பால் மூடி, மெல்லிய பூச்சாக மூன்று முறை அடித்தேன். ஹப்போடு சேரும் உள்முகத்தையும், வீல் வந்து அமரும் வெளிமுகத்தையும் மூடியே வைத்தேன். அங்கே தடித்த படலம் இருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி நட்டின் இறுக்கம் தளரும்; பார்க்க அழகாக இருக்கிறது என்று எதையும் அங்கே அடிக்காதீர்கள். இவ்வகைப் பெயின்ட் சூடேறிய பிறகே முழுமையாக இறுகும் என்பதால், முதல் சில நாட்கள் வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவில்லை. சிறிது தூரம் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி சரியான இறுக்கத்துக்குச் சோதித்தேன்.

எல்லா இடமும் ஒரே மாதிரி உழைக்கவில்லை. விளிம்புதான் பலவீனமான இடம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில், தாழ்ந்த கியரில் இறங்கி வந்தும்கூட, விளிம்பின் வெள்ளிநிறம் மங்கிப் பழுப்பேறிவிட்டது. சில இடங்களில் செதிலாக உதிர்ந்தும் போனது. இடுக்குகளுக்குள் ஸ்ப்ரே சரியாகப் போகாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. டேப் ஒட்டிய கோட்டிலிருந்து துரு மெல்ல உள்ளே நகர்கிறது. பஞ்சர் கடையில் நட்டைக் கழற்றும் ஏர் கன் இடித்த இடத்திலும் அப்படியே.

எதிர்பாராத அளவுக்கு நன்றாக இருப்பது, பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் டிரம்மில் அடித்த பெயின்ட். அலாய் வீலின் இடைவெளியில் பளிச்சென்று கண்ணில் படுவது டிரம்மின் துருதான். டிரம்மின் வெளிப்புறத்தில் உரசும் பரப்பு இல்லாததால், வீல் அமரும் முகத்தை விட்டு மற்றதையெல்லாம் தயங்காமல் பூசலாம். முன்டிஸ்க் அளவுக்குச் சூடும் ஏறுவதில்லை. நேரம் குறைவாக இருப்பவர்கள் டிரம்மை மட்டும் செய்தாலே போதும்.

டிஸ்க் மாற்றும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த உழைப்பெல்லாம் தேவையில்லை. துத்தநாக-அலுமினியப் பூச்சோடு வரும் டிஸ்க்குகள் கிடைக்கின்றன. உரசும் வளையத்தில் பூச்சை பேட்டே தேய்த்து எடுத்துவிடும், மற்ற இடங்களில் நிற்கும். என் வலப்புற டிஸ்க் குறைந்தபட்சத் தடிமனை நெருங்கியதும், இரண்டையும் ஜோடியாக மாற்றி, அந்த வகையையே போடப் போகிறேன்.