என்ஐஹெச் போஸ்ட்பாக் பயிற்சி: ஒரு வருடம் பத்தாது

எம்டி-பிஎச்டிக்கு (மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் சேர்ந்த படிப்பு) முன் ஆராய்ச்சிக்காக இடைவெளி எடுப்பவர்களுக்கு மேரிலாந்தின் பெதஸ்டாவில் என்ஐஹெச் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) நடத்தும் போஸ்ட்பாக் பயிற்சி, அதாவது இளங்கலை முடித்தவர்களுக்கான ஆய்வகப் பயிற்சி, நல்ல தேர்வு. உதவித்தொகை வருகிறது, மருத்துவக் காப்பீடும் உண்டு. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாவிட்டால் சேர முடியாது, அவ்வளவுதான்.

பலர் கோட்டை விடுவது காலக் கணக்கில். ஏஎம்காஸ் (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை) விண்ணப்பம் போவது ஜூனில். வகுப்பு தொடங்குவது அடுத்த ஆண்டு கோடையில். ஜூனில் ஆய்வகத்தில் சேர்ந்து, மறு வருடமே எம்டி-பிஎச்டி என்று திட்டமிட்டால், விண்ணப்பிக்கும் நாளில் பிப்பெட்டின் இடம்கூடத் தெரிந்திருக்காது. ஆராய்ச்சி அனுபவக் கட்டுரைக்கு 10,000 எழுத்துகள் வரை இடம் தருகிறார்கள். எதை வைத்து நிரப்புவது? இரண்டு வருடம் என்றால் விண்ணப்பிப்பதற்குள் 12 மாத வேலை, வசந்தகாலப் போஸ்டர் தினம் (பயிற்சியில் இருப்பவர்கள் தங்கள் ஆய்வைப் போஸ்டராக வைத்து விளக்கும் நாள்), வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம் மூன்றும் கைக்கு வந்துவிடும்.

ஆன்லைன் படிவத்தை நிரப்பிவிட்டுச் சும்மா இருந்தால் அழைப்பு வராது. ஆய்வாளர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்: அவரது சமீபக் கட்டுரையைத் தொட்டு ஐந்தாறு வரி, கூடவே சிவி. நேர்காணலில், புதிதாக எலி இனம் உருவாக்கும் திட்டத்தைக் கொடுத்தால் யோசியுங்கள். இனப்பெருக்கத்துக்கே மாதக்கணக்கில் போய்விடும், தரவு வரும்போது விண்ணப்பம் போயிருக்கும்.